எட்டாம் அடுப்பின் சத்தம்

9 ஜூன் 2019, ஞாயிறு

தண்ணீர் லாரி ஏழு மணிக்கு வரும் என்றார்கள், பத்தேகாலுக்கு வந்தது. ஆறு குடம் பிடித்து இரண்டாம் மாடிக்கு ஏற்ற ஆரம்பித்தேன். அறுபத்தேழு வயதில் இது நல்ல உடற்பயிற்சி என்று பகவதியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. என் நகைச்சுவைக்கும் அவளுக்கும் கல்யாணமான நாளிலிருந்தே ஒத்துவராது.

நாலாவது குடத்தோடு ஏறும்போது போன் அடித்தது. கல்கத்தாவிலிருந்து தோர்ஷா மண்டல் என்று ஒரு பெண். பழைய ஆவணப்படங்களைத் தேடிப் பாதுகாக்கும் சின்னக் குழு ஒன்றில் இருக்கிறாளாம். ஷோவன் தரஃப்தாரின் ‘எட்டாம் அடுப்பு’ படத்தின் நெகட்டிவ் ஒரு கிடங்கில் கிடைத்துவிட்டது என்றாள். படம் முழுசாக இருக்கிறது, ஒலி மட்டும் இல்லை.

“நீங்கதானே சார் எடிட்டர். உங்ககிட்ட ஏதாவது இருக்கா?”

இல்லை என்றேன். யோசித்துச் சொல்லுங்கள் என்றாள். யோசிக்க ஒன்றுமில்லை என்றேன். நாற்பது வருஷமாகப் பேசாத வங்காளம் வாயில் தடங்கலில்லாமல் வந்தது எனக்கே ஆச்சரியம்.

ஷோவன்தா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். எண்பத்திரண்டு வயது, காது சுத்தமாகக் கேட்காது, இதயமும் பலவீனம். அதனால் ஆகஸ்டிலேயே திரையிடப்போகிறார்கள். ஒலி கிடைக்காவிட்டால் ஊமைப்படமாகத்தான் காட்ட வேண்டும் என்றாள்.

மிச்சம் இரண்டு குடத்தையும் பகவதிதான் ஏற்றினாள். பாவம், அவளுக்கு முட்டி வலி.

11 ஜூன், செவ்வாய்

லாரி வரவில்லை.

12 ஜூன், புதன்

ஷோவன்தாவைப் பற்றி எழுதிவைக்கலாம் என்று தோன்றுகிறது. வேறு யாரும் எழுதப்போவதில்லை.

புனேயில் எடிட்டிங் படித்துவிட்டு 1975-ல் கல்கத்தா போனேன். டாலிகஞ்சில் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் எடிட்டிங் அறை ஒன்றில் வேலை. சோப்பு விளம்பரம், தேயிலை விளம்பரம், மந்திரி பாலம் திறக்கும் செய்திப்படம் என்று எது வந்தாலும் வெட்டி ஒட்டுவேன். அங்கேதான் ஷோவன்தா வந்தார். ‘தா’ என்றால் அண்ணன். அவர் மனைவி ரேபா எங்கள் எல்லோருக்கும் பௌதி, அதாவது அண்ணி. பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர்.

மால்தா பக்கம் கங்கை கரையை அறுத்து ஊர் ஊராக விழுங்கிக்கொண்டிருந்தது. மக்கள் வீட்டைப் பிரித்து மூங்கிலையும் தகரத்தையும் தலையில் சுமந்துபோய் அரை மைல் தள்ளிக் கட்டுவார்கள். இரண்டு வருஷத்தில் அதுவும் போகும். சுர்மா பேவா என்ற விதவை ஏழு வீட்டை ஆற்றுக்குக் கொடுத்துவிட்டு, எட்டாவது வீட்டில் களிமண் அடுப்புப் போடுகிறாள். அவ்வளவுதான் படம். ஐம்பத்திரண்டு நிமிஷம். பின்னணிக் குரல் கிடையாது. “விஷயம் தெரிஞ்சவ அவ. நடுவில நாம எதுக்குப் பேசணும்?” என்பார்.

அவர் வேலை செய்யும் விதமே தனி. முதல் வாரம் கேமராவை வெளியிலேயே எடுக்க மாட்டார். பௌதியை அனுப்புவார். பௌதி பள்ளி விடுமுறையில் போய் அந்தப் பெண்களோடு உட்கார்ந்து மீன் அலசுவார், வைக்கோல் பிரிப்பார், அவர்கள் பிள்ளைகளுக்குப் பேன் பார்ப்பார். அப்புறம் படம்பிடிக்கும்போதும் கேமராவை ஒட்டிப் பௌதி உட்கார்ந்திருப்பார். சுர்மா கேமராவிடம் பேசவில்லை, பௌதியிடம்தான் பேசினாள். டைட்டிலில் பௌதியின் பெயர் கிடையாது. அது யாருக்கும் தோன்றவில்லை. டைட்டில் ஒட்டிய எனக்கும் தோன்றவில்லை.

15 ஜூன், சனி

“பரண்ல என்னமோ காடி வாடை அடிக்கு. என்னன்னு பாத்தீயளா?” என்றாள் பகவதி.

எலி செத்திருக்கும் என்றேன். எலி செத்தால் காடி வாடை அடிக்காது என்றாள். அது அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஒலி பதிந்த பழைய மேக்னடிக் ஃபிலிம் கெட்டுப்போக ஆரம்பித்தால்தான் அந்தப் புளிச்ச வாடை வரும்.

நாளைக்குப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுக் காய்கறி வாங்கப் போனேன். வெண்டைக்காய் முற்றல்.

18 ஜூன், செவ்வாய்

பௌதி போன் செய்தார். தோர்ஷா எண் கொடுத்தாளாம்.

“தாணு, உன் குரல் மாறவே இல்லையே” என்றார். தாணுமூர்த்தி என்ற என் பெயரை முழுசாகச் சொன்ன வங்காளி யாரும் கிடையாது. பகவதி எப்படி இருக்கிறாள், பிள்ளைகள் எங்கே என்றெல்லாம் விசாரித்தார். நான் கல்கத்தாவை விட்டு வந்த பிறகு பிறந்த என் மகளின் பெயரைக்கூட ஞாபகம் வைத்திருக்கிறார்.

“சுர்மா என்னென்ன சொன்னாள்னு இவர் உக்காந்து ஞாபகத்திலேர்ந்து எழுதறார். எழுதி அடியில ஓட விடலாம்னு அந்தப் பொண்ணு சொல்லிருக்கா. ரெண்டு பக்கத்துக்கு மேல வரலை. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. ஆனா என்கிட்ட கேக்க மாட்டார்.”

“ஏன் பௌதி?”

“உனக்குத் தெரியாதா? நான்தானே தொலைச்சேன்.”

போனை மறுகாதுக்கு மாற்றினேன்.

“மூத்தவனுக்கு அம்மை போட்டிருந்தது. அவசரமா எடிட்டிங் ரூமுக்கு வந்து ஷெல்ஃபிலேர்ந்து ஃபிலிம் டப்பாக்களை எடுத்தேன். மூடியைப் படிச்சுத்தான் எடுத்தேன்னு இன்னிக்கும் தோணுது. தோணினா ஆச்சா? ஜெர்மனி விழாவுக்கு ஒலின்னு போய்ச் சேர்ந்தது வேற டப்பா. அன்னியிலேர்ந்து என்னை ஒரு டப்பாவைத் தொட விட்டதில்லை. ஷூட்டிங்குக்கும் கூட்டிட்டுப் போனதில்லை. அவர் பேர்ல தப்பில்லை. நாலு வருஷ உழைப்பு. உன் உழைப்பும்தான் போச்சு. உன்கிட்ட ஒருநாள் மன்னிப்புக் கேக்கணும்னு இருந்தேன். இப்ப கேட்டுட்டேன்.”

அதெல்லாம் பழைய கதை பௌதி, விடுங்கள் என்றேன். என் வாயால் அதைத்தான் சொன்னேன்.

20 ஜூன், வியாழன்

பௌதியிடம் சொல்லாததை இங்கே எழுதிவிடுகிறேன்.

படமும் ஒலியும் ஒரே ஃபிலிமில் சேர்ந்த பிரதி எடுக்க அப்போது கையில் பணமில்லை. ஜெர்மனியில் ஒரு விழாவில் தனித்தனியாக அனுப்பினாலும் இரண்டையும் சேர்த்து ஓட்டுவோம் என்றார்கள். ஒரு டப்பாவில் படம், இன்னொன்றில் ஒலி. வாடகை டேப்பில் பதிந்த மூல ஒலியை, மிக்சிங் முடிந்த கையோடு அழித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். ஆக உலகத்தில் அந்த ஒரு டப்பாதான்.

எடிட்டிங் அறையில் முதல் நாள் சொல்லித்தருகிற பாடம், பெயரை மூடியில் மட்டும் எழுதாதே, டப்பாவின் அடியிலும் எழுது என்பது. எல்லா டப்பாவும் ஒரே அளவு, எந்த மூடியும் எதிலும் பொருந்தும். நான் மூடியில் மட்டும் எழுதினேன். 1979 மே மாதம், கடைசி நாள். சென்னையில் ஒரு கதைப்படத்தில் வேலை கிடைத்திருந்தது, மத்தியானம் ரயில். ஒலியைக் கடைசியாக ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு மூடினேன். பக்கத்தில் விளம்பரங்களிலிருந்து வெட்டி எறிந்த ஒலித் துண்டுகளைச் சுற்றிவைத்த டப்பா திறந்து கிடந்தது. அவசரத்தில் அதன் மூடியை இதற்குப் போட்டேன், இதன் மூடியை அதற்கு.

பௌதி மூடியைச் சரியாகத்தான் படித்திருக்கிறார். ‘எட்டாம் அடுப்பு, ஒலி’ என்று என் கையெழுத்தில் இருந்ததைத்தான் எடுத்து, மரப்பெட்டியில் வைத்து, வெள்ளைத்துணி சுற்றித் தைத்து, அரக்கு முத்திரை வைத்து அனுப்பினார்.

விழாவில் சுர்மாவின் வீடு ஆற்றில் சரியும்போது சோப்பு விளம்பரத்துப் பெண் சிரித்தாளாம். சனங்களும் சிரித்திருக்கிறார்கள். பத்து நிமிஷத்தில் நிறுத்திவிட்டார்கள். ஷோவன்தா விழாக்காரர்களைத் திட்டி ஆறு கடிதம் எழுதினார். வந்ததைத்தான் ஓட்டினோம் என்று அவர்கள் பதில் போட்டார்கள். சண்டைக்காரர் என்று பெயர் வந்தது. அப்புறம் அவரை யாரும் எதற்கும் கூப்பிடவில்லை.

ஆகஸ்டில் என் சாமான்களை எடுக்கக் கல்கத்தா போனேன். ஷெல்ஃபில் ‘வேஸ்ட்’ என்று எழுதிய டப்பா இருந்தது. திறந்து, மெஷினில் ஒரு நிமிஷம் ஓட்டினேன். சுர்மாவின் குரல். ஷோவன்தா வீடு பத்து நிமிஷ நடைதான். போகவில்லை. சென்னைக்குக் கொண்டுபோய்க் கடிதத்தோடு அனுப்பிவிடலாம் என்று டிரங்குப் பெட்டியில் வைத்தேன்.

பழி விழாக்காரர்கள் மேல் போயிருக்கிறது என்றுதான் நினைத்தேன். பௌதி மேல் போனது எனக்குத் தெரியாது. இதைச் சத்தியமாக எழுதுகிறேன்.

சத்தியம் இல்லை. அந்த ஆகஸ்டிலேயே அறையைக் கூட்டும் அம்மாள் சொன்னாள், வீட்டில் தினமும் சண்டை, பௌதி அழுதுகொண்டே இருக்கிறார் என்று.

23 ஜூன், ஞாயிறு

பரணிலிருந்து டப்பாவை இறக்கினேன். பகவதி ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். கீழே இறங்கியதும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே அவரைக்காய்க்கு நார் உரித்தாள்.

“அந்த அம்மா பாவம்லா” என்றாள். அடுத்த காயை எடுத்துக்கொண்டு, “எங்கிட்டகூடச் சொல்லல்லியே நீங்க. இத்தனை வருசம் இதுக்குக் கீழதான படுத்துக் கெடந்தேன்.”

“என்ன செய்யச் சொல்லுதே இப்ப?”

“சத்தத்தை அனுப்புங்க. கூடவே உண்மையையும் அனுப்புங்க. ஒண்ணை மட்டும் அனுப்பிட்டுச் சும்மா இருந்திராதீய.”

27 ஜூன், வியாழன்

சாலிகிராமத்தில் பழைய ஒலிக்கருவிகள் வைத்திருக்கும் ஜஸ்டினிடம் கொண்டுபோனேன். ஃபிலிம் சுருங்கி வளைந்திருந்தது. ஓரமெல்லாம் வெள்ளைப்பொடி. “இன்னும் ஒரு வருசம் விட்டிருந்தீங்கன்னா குப்பைத்தொட்டிதான் சார்” என்றான். காலை பத்து மணிக்கு ஆரம்பித்து நாலு மணி வரை கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டிக் கம்ப்யூட்டரில் ஏற்றினான். ஐம்பத்திரண்டு நிமிஷத்தில் மூன்று நிமிஷம் போய்விட்டது. மிச்சம் இருக்கிறது.

சுர்மா அடுப்புக்கு மண் மிதிக்கிறாள். மூச்சு வாங்கிக்கொண்டே ஒவ்வொரு அடுப்பிலும் முதலில் என்ன சமைத்தாள் என்று சொல்கிறாள். ஐந்தாவது அடுப்பில் முதல் சோறு பொங்குவதற்குள் ஆறு வந்துவிட்டது. அப்போது இன்னொரு குரல், “அரிசி?” என்று கேட்கிறது. பௌதி. முப்பத்தாறு வயதுக் குரல். கேள்வி கேட்பவர் குரலை வெட்டிவிட வேண்டும் என்பது வழக்கம். அதை மட்டும் நான் வெட்டாமல் விட்டிருந்தேன். “அரிசியைப் பானையோட தூக்கிட்டு ஓடினேன்” என்கிறாள் சுர்மா. இரண்டு பேரும் சிரிக்கிறார்கள்.

ஜஸ்டினுக்கு வங்காளம் தெரியாது. ஆனாலும் திரும்ப ஒருமுறை போட்டான். எனக்குக் கண் கலங்கியது. அவன் டீ வாங்கி வருவதாகச் சொல்லி வெளியே போனான்.

28 ஜூன், வெள்ளி

டப்பா துருப்பிடித்திருந்தது. ஃபிலிமைப் புது பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றினேன். பழையதை ‘வேஸ்ட்’ என்று எழுதிய மூடியோடு காயலான் கடையில் போட்டேன்.

2 ஜூலை, செவ்வாய்

தோர்ஷாவுக்கு ஒலியை அனுப்பிவிட்டேன். டப்பா கூரியரில் போகிறது. கடிதமும் எழுதினேன். நாலு தடவை எழுதினேன். நாலாவதில் இருப்பது இது: 1985-ல் அந்த எடிட்டிங் அறையை மூடியபோது, கேட்பாரில்லாத டப்பாக்களில் சிலவற்றை முதலாளி எனக்கு ரயில் பார்சலில் அனுப்பினார், அவற்றைப் பிரித்துப் பார்க்காமலே வைத்திருந்தேன், இப்போதுதான் தேடினேன், கிடைத்தது.

நன்றாகத்தான் பொருந்துகிறது. முப்பது வருஷம் காட்சிகளைப் பொருத்தியவன் இல்லையா.

கூரியர் போன பிறகுதான் உறைத்தது. சரியான டப்பா 1985 வரை ஷெல்ஃபிலேயே இருந்தது என்றால், தவறானதை எடுத்தது பௌதிதான் என்று ஆகிறது. அதுவரை அது ஒரு சந்தேகம். நான் சாட்சி சொல்லி உறுதி செய்துவிட்டேன். பகவதி கேட்டாள், உண்மையையும் எழுதினீர்களா என்று. தலையாட்டினேன்.

5 ஜூலை, வெள்ளி

பௌதி இரண்டு தடவை கூப்பிட்டார். எடுக்கவில்லை.

14 ஜூலை, ஞாயிறு

தோர்ஷா நீளமாக மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறாள். ஷோவன்தாவின் கிடைத்த படங்கள் எல்லாவற்றையும் பார்த்துக் கட்டுரை எழுதுகிறாளாம். 1979-க்கு அப்புறம் ஐந்து சின்னப் படங்கள். தடுப்பணை, நெல் ரகம், ஆஸ்பத்திரி. “ஒண்ணு கவனிச்சேன் சார். 79 வரைக்கும் அவர் படங்கள்ல பெண்கள் பேசிக்கிட்டே இருக்காங்க. அதுக்கப்புறம் ஒரு பெண்கூடப் பேசலை. அதிகாரிங்க பேசறாங்க, ஆம்பிளைங்க பேசறாங்க. பெண்கள் தூரத்தில நிக்கறாங்க. இது அவரோட அழகியல் மாற்றமா? நீங்க என்ன நினைக்கிறீங்க?”

தெரியவில்லை என்று பதில் போட்டேன். ஆகஸ்ட் பதினேழு, சனிக்கிழமை திரையிடல், கட்டாயம் வர வேண்டும், டிக்கெட் எடுத்து அனுப்புகிறோம் என்றும் எழுதியிருந்தாள். பகவதி கேட்பதற்கு முன்பே, போகிறேன், நேரில் சொல்லிவிடுகிறேன் என்று அவளிடம் சொன்னேன். “தலையாட்டினப்பவே எனக்குத் தெரியும்” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

18 ஆகஸ்ட், ஞாயிறு. ரயிலில்

நேற்று நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். ரயில் ஆடுகிறது, எழுத்தும் ஆடுகிறது.

நூறு பேர் உட்காரும் அரங்கு, நிறைந்திருந்தது. ஷோவன்தாவைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்கள். ஒல்லியாகிவிட்டார், மீசை மட்டும் அப்படியே. என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “கிழவனாயிட்டியேடா” என்றார். பௌதி முன்வரிசையில், வெள்ளைச் சேலையில் சிவப்புக் கரை. நான் காலைத் தொட்டு வணங்கினேன். முதுகைத் தட்டிக் கொடுத்தார்.

படம் ஓடியது. ‘அரிசி?’ என்ற குரல் வந்தபோது பௌதி சேலைத்தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். ஷோவன்தாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. சுர்மாவின் உதட்டையும், அடியில் ஓடிய எழுத்தையும் மாறி மாறிப் பார்த்தார். படம் முடிந்ததும், பக்கத்திலிருந்த தோர்ஷாவிடம் சத்தமாக, “தட்டி மண்ணைப் பூசற இடத்தில கை மேல படறதும், சத்தம் கேட்டு ஜனங்க தலை நிமிர்றதும் ஒண்ணா இல்லை. சத்தம் ரெண்டு ஃப்ரேம் பின்னாடி இருக்கு” என்றார். அரங்கே சிரித்தது. அவர் சொன்னது சரி.

அப்புறம் என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். இந்தப் படத்தைக் காப்பாற்றியவர் என்று தோர்ஷா அறிமுகம் செய்தாள். தோளில் ஒரு சால்வை போட்டார்கள். மைக்கைக் கையில் கொடுத்தார்கள். ரயிலில் வரும்போது பத்து வாக்கியம் தயார் செய்திருந்தேன். ஒன்றும் வரவில்லை.

“இந்த டப்பா நாற்பது வருஷமா என் வீட்டுப் பரணில் இருந்தது. எனக்குத் தெரிஞ்சேதான் இருந்தது” என்றேன்.

கைதட்டினார்கள். எழுந்து நின்று கைதட்டினார்கள். மேலே பேச வாயெடுத்தேன், ஓயவில்லை. எல்லோருக்கும் அது ஒரு காவல்காரனின் பேச்சாகப் பட்டிருக்கிறது. பௌதியும் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு அவர் கை நின்றது. முப்பத்தைந்து வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். என் கடிதத்தில் சொன்ன 1985-க்கு முப்பத்துநாலுதான் ஆகிறது.

வெளி வராந்தாவில் டீ கொடுத்தார்கள். பௌதி என்னை ஜன்னல் பக்கம் கூப்பிட்டார்.

“எப்போ கண்டுபிடிச்சே?”

“அந்த ஆகஸ்டிலேயே. மூடியை மாத்திப் போட்டது நான்தான் பௌதி. நீங்க சரியாத்தான் எடுத்தீங்க.”

அவர் டீயைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தார். “துர்கா பூஜைக்கு முன்னாடி” என்றார். “அந்த வருஷ பூஜைக்கு நான் வீட்டைவிட்டு வெளியவே வரலை. விஜயதசமிக்கு நீ மெட்ராஸ்லேர்ந்து வாழ்த்துக் கடிதம் போட்டிருந்தே. பௌதிக்கு என் வணக்கங்கள்னு எழுதியிருந்தே.”

“இப்பவே ஷோவன்தாகிட்ட எழுதிக் காட்டிடறேன். எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன்.”

“வேண்டாம்.”

“பௌதி...”

“வேண்டாம் தாணு. இத்தனை வருஷம் என்னைப் பேசினதெல்லாம் இருக்கே, அது அத்தனையையும் அந்த மனுஷன் இந்த வயசில எங்க கொண்டுபோய் வைப்பார்? அவருக்கு இன்னும் ரெண்டு மாசமோ மூணு மாசமோ. சந்தோஷமா இருக்கட்டும்.” என் சால்வையைப் பார்த்தார். “உன்னைக் காப்பாத்தறேன்னு மட்டும் நினைச்சுக்காதே. உன்னை நான் மன்னிக்கலை. மன்னிக்கவும் போறதில்லை.”

அதற்குள் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு தோர்ஷா வந்துவிட்டாள். போட்டோவுக்காக ஷோவன்தாவின் ஒரு பக்கம் என்னையும் மறுபக்கம் பௌதியையும் நிறுத்தினாள். ஷோவன்தா பௌதியின் கையைப் பிடித்து இழுத்தார். காது கேட்காதவர்கள் பேசுகிற உரத்த குரலில், வராந்தாவில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி சொன்னார்:

“ரேபா, நீ தொலைச்சதை இவன் கண்டுபிடிச்சுக் கொடுத்துட்டான் பார். போகட்டும் விடு. உன்னை மன்னிச்சுட்டேன்.”

பௌதி குனிந்து, அவருக்குப் புரியும்படி உதட்டை மெதுவாக அசைத்து, “சரி” என்றார். போட்டோக்காரர் என்னைக் கொஞ்சம் சிரிக்கச் சொன்னார்.